கவாத்துக்குப் போன சடையன்

மார்கழி மாதத்துப் பகல். வெயில் அடித்தும் குளிர் விடவில்லை. மலைமேல் வளப்பூர் நாட்டில் எங்கள் திராட்சைப் பந்தலுக்கு அடியில் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது வரிசையில் கொடி வெட்டிக்கொண்டிருந்த காத்தாயி கத்தியைக் கீழே வைத்துவிட்டு, இடுப்பில் செருகியிருந்த ஒரு கவரை எடுத்து நீட்டினாள்.

"சின்ன ராவுத்தரே, இதக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க. அவரு எழுதியிருப்பாருங்க."

அவர் என்றால் அவள் புருஷன் சடையன். எங்கள் தோட்டத்துக் கொடிகளை வெட்டுகிறவன் அவன்தான். ஐப்பசியில் பேளுக்குறிச்சிச் சந்தைக்குப் போனவன் திரும்பவில்லை. வெளியூரில் ஏதோ பெரிய தோட்டத்தில் கொடி வெட்டப் போயிருக்கிறான் என்று அவளும் நினைத்திருந்தாள், நானும் நினைத்திருந்தேன்.

கடிதம் பென்சிலில் எழுதியிருந்தது. சடையனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கூட இருக்கும் ராசிபுரத்து ஆள் ஒருவர் எழுதித் தந்ததாக முதல் வரியிலேயே இருந்தது.

நான் உரக்கப் படித்தேன். "இங்கே எல்லோரும் சுகம். மூன்று வேளையும் சோறு போடுகிறார்கள். காலையில் கவாத்து, சாயங்காலமும் கவாத்து."

எங்கள் தோட்டத்தில் கவாத்து என்றால் கொடி வெட்டுவது. காத்தாயிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஏழு மாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ரெண்டு நேரமுமா வெட்டச் சொல்றாங்க? அவ்வளவு பெரிய தோட்டமுங்களா?"

என் கண் அதற்குள் அடுத்த வரிக்குப் போய்விட்டது. பூட்ஸ் காலைக் கடிக்கிறது, துப்பாக்கி இன்னும் கையில் தரவில்லை என்று இருந்தது. அது திராட்சைத் தோட்டம் இல்லை, பட்டாளம்.

அதற்கும் அடுத்த வரி இது: "தெரியாமல் கைநாட்டு வைத்துவிட்டேன். கப்பல் ஏற்றுவதற்குள் ஊரிலிருந்து யாராவது வந்து பெரிய துரையிடம் சொன்னால் விட்டுவிடுவார்களாம். இங்கே ஒருவனை அப்படி விட்டார்கள். படிக்கிறவர் காத்தாயியிடம் சொல்லி யாரையாவது சீக்கிரம் அனுப்பவும்."

இந்த இரண்டையும் நான் படிக்கவில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, தாண்டிப் போய், "குளிருக்குக் கம்பளி கொடுத்திருக்கிறார்கள்" என்ற இடத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தேன்.

ஏன் தாண்டினேன் என்பதைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்ல, தோட்டம் வந்த கதையைச் சொல்லியாக வேண்டும். கொஞ்சம் சுற்றிக்கொண்டு வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இலைக்காடு

எங்கள் குடும்பம் மலைக்குக் கீழே மிளகு, பலாப்பழம், தேன் வாங்கி விற்கிற குடும்பம். அத்தா காலத்திலிருந்து அதுதான் தொழில். என் அண்ணனுக்கு மட்டும் அது போதவில்லை. எங்கோ ஒரு தோட்டத்தில் கருப்புத் திராட்சை பந்தலில் தொங்குவதைப் பார்த்துவிட்டு வந்தார். அன்றிலிருந்து அவருக்குத் தூக்கம் போயிற்று. மலையில் ஓடைக்கு மேலே ஒரு துண்டு நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்து, நூறு குச்சிகளை ஈரச் சாக்கில் சுற்றித் தலைச்சுமையாக ஏற்றி நட்டார். பார்த்துக்கொள்ள என்னை அங்கே ஒரு குடிசையில் உட்கார வைத்தார். எனக்கு அப்போது இருபத்தைந்து வயதிருக்கும். திராட்சையைப் பழக்கடையில் தவிர வேறெங்கும் பார்த்ததில்லை.

செடிக்குச் சோறு போட்டால் வளரும் என்பதுதான் எங்களுக்குத் தெரிந்த விவசாயம். ஆட்டெரு போட்டோம், புண்ணாக்குப் போட்டோம், ஓடைத் தண்ணீரை வாய்க்காலில் திருப்பி விட்டோம். கொடி வளர்ந்தது பாருங்கள், அப்படி ஒரு வளர்ச்சி! இரண்டாம் வருஷம் பந்தலுக்குக் கீழே பகலிலேயே இருட்டு. மழை பெய்தால் ஒரு சொட்டுக் கீழே விழாது. அண்ணன் வந்து பார்த்துவிட்டு, "மாஷா அல்லாஹ்" என்று என் முதுகைத் தட்டினார்.

பழம் நாலு கொத்து. அதுவும் வாயில் வைத்தால் கண்ணை மூட வேண்டிய புளிப்பு.

அப்போதுதான் சடையன் வந்தான். பக்கத்துக் காட்டில் சாமை விதைத்திருந்தவன். ஒல்லியான ஆள், அதிகம் பேசமாட்டான். பந்தலுக்குக் கீழே மல்லாந்து படுத்து, ரொம்ப நேரம் மேலே பார்த்தான்.

"ஏனுங்க ராவுத்தரே, வெயிலு உள்ளாறவே வரலியே. இப்படிப் படுத்தா மேல காசு காசா வெயிலு உழுகோணுமுங்க. அப்பத்தான் கண்ணு காய்க்கும்."

கண் என்றால் கொடியில் துளிர்க்கிற கணு. மிளகுக் கொடிக்கு நிழல் தரும் மரத்தைக் கிளை கழித்துக் கழித்து, எவ்வளவு வெயில் விட வேண்டும் என்று அவனுக்குக் கைப்பழக்கம் உண்டு. ஆனால் கொடியையே வெட்டுவது என்றபோது அண்ணன் ஒரே பிடியாக மறுத்துவிட்டார். வளர்த்த பிள்ளையின் கையை வெட்டுவார்களா என்று கேட்டார். கடைசியில் மூன்று வரிசையை மட்டும் சோதனைக்கு விட்டார்.

ஒரு வரிசையைச் சடையன் தொடவே இல்லை. ஒன்றை மேலாக நறுக்கினான். மூன்றாவதை, பார்க்கிறவர்களுக்கு வயிறு எரிகிற மாதிரி வெட்டினான். பென்சில் கனத்துக்கு முற்றிய குச்சியில் நாலைந்து கண், மெலிந்த குச்சியில் இரண்டே கண், மீதி எல்லாம் தரையில். வெட்டின முனைகளிலிருந்து இரண்டு நாள் தண்ணீர் சொட்டியது. அந்தத் தண்ணீர் கண்ணில் படாதபடி அவன் எதிர்ப்பக்கமாகச் சரித்து வெட்டியிருந்ததை நான் பிறகுதான் கவனித்தேன்.

சித்திரையில் தொடாத வரிசையில் இலைதான். நறுக்கின வரிசையில் கொத்து இருந்தது, ஆனால் பழம் மிளகை விடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். மொட்டையடித்த வரிசையில் ஒவ்வொரு கொத்தும் கை கொள்ளாமல் தொங்கியது. நெருக்கமாக இருந்த காய்களைப் பிஞ்சிலேயே காத்தாயி கிள்ளி எடுத்திருந்தாள், அதனால் மீதிக் காய்கள் முட்டாமல் உருண்டு திரண்டிருந்தன. அண்ணன் ஒரு பழத்தைத் தின்றுவிட்டு இன்னொன்றைப் பறித்தார். மறுநாளிலிருந்து தோட்டம் சடையன் கையில்.

கழிப்பும் கவாத்தும்

இந்தத் தோட்டத்துக் கதையைப் பத்திரிகையில் வாராவாரம் எழுதிவருகிறேன். போன வாரப் பகுதியைப் படித்துவிட்டு ஒரு வாசகர், "கவாத்து என்பது போலீஸ்காரர்கள் மைதானத்தில் செய்வதல்லவா, திராட்சைக்கு எங்கிருந்து வந்தது?" என்று கேட்டிருக்கிறார். அவர் வேடிக்கையாகத்தான் கேட்டிருக்கிறார். அந்தக் கேள்வியைப் படித்த அன்று நான் சாப்பிடவில்லை.

சடையனுக்கு அந்தச் சொல் தெரியாது. மலையில் அதற்குக் "கழிக்கிறது" என்று பேர். "நாளைக்குக் கழிப்புங்க, ஆள் ரெண்டு வேணும்" என்பான். எங்கள் ஊரில் கழிப்பு என்றால் யாருக்கோ பேய் பிடித்ததற்கு முச்சந்தியில் பூசணிக்காய் உடைத்துப் போடுவது. எனக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் கண்காணியாக இருந்த ஒருவர் எங்கள் கடைக்கு வந்தபோது, "இதற்குக் கவாத்து என்று சொல்ல வேண்டும் தம்பி" என்றார். கேட்டதும் எனக்கு ஒரு மிடுக்கு வந்துவிட்டது.

"இனிமேல் கழிப்பு கிழிப்பு என்றெல்லாம் சொல்லாதே. கவாத்து. சொல்லு பார்ப்போம்" என்றேன் சடையனிடம்.

"கவ்வாத்து."

"கவாத்து."

"கவாத்துங்க."

அவனுக்கும் அந்தச் சொல் பிடித்துப் போயிற்று. மலையில் வேறு யாருக்கும் தெரியாத சொல் அவனுக்குத் தெரியும். சந்தையில் யாராவது என்ன வேலை என்று கேட்டால், "கவாத்துங்க" என்று மார்பை நிமிர்த்திச் சொல்வான். கீழ்நாட்டுக்காரர்கள் அவனை மேலும் கீழும் பார்ப்பார்கள். ஒல்லிப் பையன் பட்டாளத்துக்காரனா என்று பார்த்திருப்பார்கள். எனக்கு அது உறைக்கவே இல்லை. போலீஸ் கவாத்து எனக்குத் தெரியாதா என்ன? தெரியும். ஆனால் இரண்டும் ஒரே சொல் என்பது, தோட்டத்துக்குள்ளேயே கிடந்த என் மண்டைக்குத் தோன்றவில்லை. அவன் போக்கில் கழிப்பு என்றே சொல்ல விட்டிருக்கலாம். இதை நான் நூறு தடவை நினைத்துப் பார்த்தாயிற்று.

சந்தையில்

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள். மலைக்கு மேலே யுத்தம் என்றால் மண்ணெண்ணெய் கிடைக்காது, இலைக்கு அடிக்கிற மயில்துத்தம் கிடைக்காது, அவ்வளவுதான். கீழே சந்தைகளில் பட்டாளத்துக்கு ஆள் எடுப்பவர்கள் மேசை போட்டு உட்கார ஆரம்பித்திருந்தார்கள்.

சடையன் மிளகு மூட்டையோடு இறங்கினான். கூடப் போன கருப்பன் திரும்பி வந்து சொன்ன கதை இது. மேசைக்கு அந்தப் பக்கம் நின்ற ஆள், "சோறு, துணி, சம்பளம். ஆறு மாசம் கவாத்துப் பழக்குவோம்" என்று கூவியிருக்கிறார். சடையன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போயிருக்கிறான்.

"எனக்குப் பழக்க வேண்டியதில்லீங்க. கவாத்து நல்லாத் தெரியுமுங்க. மூணு வருசமாச் செய்றேன்."

மேசைக்காரருக்கு ஒரே சந்தோஷம். "பார்த்தீங்களா, தெரிஞ்ச ஆளே வந்துட்டான்!" என்று தோளில் தட்டினாராம். காகிதத்தை நீட்டினாராம். கருப்பனுக்கும் அதில் ஒன்றும் சந்தேகம் வரவில்லை. அவனுக்கும் கவாத்து என்றால் எங்கள் பந்தல்தானே.

லாரியில் ஏறுவதற்கு முன்னால் சடையன் கருப்பனிடம் சொல்லி அனுப்பியது இதுதான்: "பெரிய தோட்டமாட்ட இருக்குது. புள்ள பொறக்கறதுக்குள்ள வந்துருவேன்னு சொல்லு. நம்ம கொடிய வேற ஆரும் தொட வேண்டாம், காத்தாயியே வெட்டட்டும். அவளுக்கு எல்லாந் தெரியும்."

பன்னிரண்டு நாள்

இப்போது மறுபடி அந்த மார்கழிப் பகலுக்கு வருகிறேன்.

கடிதத்தைப் படித்து முடித்தபோது வெட்டாத கொடி பாதிக்கு மேல் இருந்தது. எங்கள் மலையில் கார்த்திகை மழை ஓய்ந்த பிறகுதான் கொடியில் கத்தி வைக்க முடியும். முன்னால் வைத்தால் ஈரத்தில் பூ அழுகும். பிந்தி வைத்தால் பழுக்கிற நேரத்தில் கோடை மழை பிடித்துக்கொள்ளும், பழுத்த பழமெல்லாம் வெடித்துப் போகும். நடுவில் கிடைப்பது கொஞ்ச நாள்தான். போன இரண்டு வருஷமும் மழையில் விட்டோம். இந்த வருஷமும் போனால் குத்தகையை விட்டுவிடுவேன் என்று அண்ணன் சொல்லியிருந்தார். சடையன் இல்லாத தோட்டத்தில் சரியாக வெட்டத் தெரிந்தது காத்தாயி ஒருத்திக்குத்தான்.

படித்திருந்தால் அவள் அந்த நிமிஷமே கத்தியைப் போட்டுவிட்டுக் கிளம்பியிருப்பாள். அவளைத் தனியே அனுப்ப முடியாது, நானும் போக வேண்டும். வெட்டாத கொடி வெட்டாமலே நிற்கும்.

எனக்குள் நான் சொல்லிக்கொண்ட சமாதானம் வேறு. ஏழு மாதப் பிள்ளைத்தாய்ச்சி. மலைப் பாதை. அப்புறம் சேலம் வரை வண்டி, அங்கிருந்து கவரில் இருந்த முகாம் விலாசத்துக்கு ரயில், ஒரு பகலும் ஒரு ராத்திரியும். இவளுக்கு எதற்கு இந்த அலைச்சல்? கொடி வெட்டி முடியட்டும், நானே போய் அழைத்து வந்துவிடுகிறேன். சடையன் வாசலில் வந்து நிற்கும்போது அவளுக்குத் தெரிந்தால் போதும். அந்தச் சமாதானம் அன்று எனக்கு ரொம்ப நன்றாகத்தான் இருந்தது.

பன்னிரண்டு நாள் ஆயிற்று. அவள் புருஷன் வெட்டுகிற மாதிரியே வெட்டினாள், அதே சரிவு, அதே கண் கணக்கு. மாலையானால் பந்தலுக்கு அடியில் படுத்துப் பார்ப்பாள். "அவரு வந்து கொறை சொல்லக் கூடாதுங்க" என்பாள். நான் தலையை ஆட்டுவேன்.

பதின்மூன்றாம் நாள், மயில்துத்தம் தேடிச் சேலம் போகிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கினேன். ரயிலில் கூட்டம். நின்றுகொண்டே போனேன். முகாம் வாசலில் நின்ற சிப்பாய் தமிழ்க்காரர்தான். பேரைக் கேட்டார், உள்ளே போய் வந்தார்.

"அந்த செட்டு போயிடுச்சு பாய். நாலு நாள் ஆச்சு."

"எங்கே?"

"அதெல்லாம் எங்களுக்கே சொல்ல மாட்டாங்க."

நாலு நாள். கடிதம் வந்து பத்து நாள்வரை அவன் அங்கேயே இருந்திருக்கிறான். வாசலைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பான்.

ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். முப்பது வயது ஆண்பிள்ளை அழுவதைப் பார்த்து ஒரு அம்மா தன் சொம்பிலிருந்து தண்ணீர் கொடுத்தார். திரும்பி வந்தேன். மயில்துத்தம் கிடைக்கவில்லை என்று காத்தாயியிடம் சொன்னேன். அது மட்டும் உண்மை.

அந்தச் சித்திரையில் தோட்டம் காய்த்த மாதிரி அதற்கு முன்னும் காய்த்ததில்லை, பின்னும் காய்த்ததில்லை. பந்தல் கழிகள் பாரம் தாங்காமல் வளைந்தன. ஒரு பழம்கூட மழையில் வெடிக்கவில்லை. கூடை கூடையாகப் புளியஞ்சோலைப் பக்கம் இறக்கினோம். பிறந்து ஒரு மாதமான பெண் குழந்தையைத் தூளியில் போட்டுவிட்டுக் காத்தாயி கொத்துகளை வாழைச் சருகில் அடுக்கினாள். நான் அந்த வருஷம் ஒரு பழம் வாயில் வைக்கவில்லை. அதற்குப் பிறகும் இல்லை.

தாண்டிய வரி

சர்க்கார் காகிதம் அடுத்த ஆடியில் வந்தது. பர்மா எல்லைப் பக்கம் எங்கோ, காய்ச்சலில். மணியக்காரர் ஆள் அனுப்பினார், நான்தான் படித்துச் சொன்னேன். அப்போதுதான் அவன் போனது பட்டாளம் என்று அவளுக்குத் தெரிந்தது. கவாத்து என்றால் இரண்டு உண்டு என்று விளக்கினேன். "ஏமாந்துட்டாருங்களா" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். சொல்லிக் கொடுத்தவன் நான் என்பதை அவள் நினைத்ததாகத் தெரியவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. மூன்றாம் மாதம் மறுபடி தோட்டத்துக்கு வந்து வேலை செய்தாள்.

பிள்ளை தட்டித் தடுமாறி நடக்க ஆரம்பித்த பிறகு ஒரு நாள், காலை வேளை, என் குடிசைக்கு வந்தாள். பழைய கவர் கையில் இருந்தது. மிளகு டப்பாவில் வைத்திருந்தாள் போல, மிளகு மணத்தது.

"ஒண்ணு கேக்கோணுமுங்க. தப்பா நெனைக்கக் கூடாது."

"கேளம்மா."

அவள் முகத்தில் வெட்கம் வந்தது. சடையன் போன பிறகு அந்த முகத்தில் நான் பார்த்த முதல் வெட்கம். "அன்னிக்கு இதப் படிச்சப்ப ஒரு எடத்துல நின்னீங்க. தொண்டையக் கனச்சுட்டுத் தாண்டிப் போனீங்க. என்னையப் பத்தி ஏதோ எழுதியிருப்பாரு, அயலாரு வாய் உட்டுப் படிக்கக் கூச்சப்படறீங்கன்னு உட்டுட்டேனுங்க. வந்தா அவருகிட்டயே கேட்டுக்கலாம்னு இருந்தேன். இனி ஆருகிட்டக் கேக்கறது? அந்த எடத்த மட்டும் இப்பப் படிங்க."

ஒன்றரை வருஷமாக அவள் அந்த வரியை ஒரு புருஷன் பெண்டாட்டிக்கு எழுதிய வார்த்தையாக வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். பொய் நாக்கு நுனிவரை வந்தது. உன் ஞாபகமாகவே இருக்கிறது, பிள்ளையைப் பார்த்துக்கொள் என்று ஏதாவது ஒன்று. யாருக்கும் தெரியப் போவதில்லை. அவள் அதை வைத்துக்கொண்டு மீதி நாளைத் தள்ளியிருப்பாள்.

ஆனால் அவன் சொன்னதை ஏற்கெனவே ஒரு முறை விழுங்கியவன் நான். இரண்டாவது முறை முடியவில்லை.

படித்தேன். கப்பல் ஏற்றுவதற்குள் யாராவது வந்தால் விட்டுவிடுவார்களாம் என்பதையும், காத்தாயியிடம் சொல்லி அனுப்பவும் என்பதையும், ஒரு எழுத்து விடாமல். பிறகு நான் சேலம் போகிறேன் என்று சொல்லிவிட்டு எங்கே போனேன் என்பதையும், நாலு நாள் பிந்தியதையும் சொன்னேன். உன்னால் அந்த நிலையில் போயிருக்க முடியாது அம்மா, வயிற்றுப் பிள்ளையோடு எப்படிப் போவாய், அதனால்தான் சொல்லவில்லை என்றேன். கொடி வெட்டி முடிய வேண்டும் என்பதற்காகத்தான் மறைத்தேன் என்பதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

அவள் கடிதத்தை வாங்கிப் பழைய மடிப்பிலேயே மடித்தாள். அழவில்லை. பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். வாசலைத் தாண்டியவள் ஒரு கணம் நின்றாள்.

"நடந்தே போயிருப்பேனுங்க" என்றாள்.